தும்பாங் மூன்றை எடுக்கும் முன்

வரும் வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். கேக் வெட்டும்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னால் முடியாது என்று உங்களுக்கே தெரியும். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். புதிதாக வந்திருக்கும் நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள். கேக்கில் ஒரு துண்டு மட்டும் எனக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் எஸ்.பி.எம். வரைக்கும் படித்தவள். ஆயர் குரோவில் பாஸ் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது கவுண்டரில் பில் போடச் சேர்ந்தேன். கடை மெல்ல மெல்ல மற்றவர்களின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியாக மாறியது. கிளினிக், ஹார்ட்வேர் கடை, லாரி கம்பெனி, தஞ்சோங் கிளிங் பக்கம் ஒரு சின்ன ஹோட்டல் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கடையோடு சேர்ந்து நானும் மாறினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். கட்டளைகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஸ்கிரீனில் இன்வேலிட் என்று சாம்பல் நிறத்தில் கிடக்கும் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி யாராவது உங்களை அவசரப்படுத்தும் நாளில் இது உதவலாம்.

ஒரு பெரிய சர்வருக்குள் பல வி.எம். ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு தனிக் கம்ப்யூட்டர் மாதிரி. புதியவர்களுக்கு நான் எப்போதும் ஷாப்லாட்டை வைத்துத்தான் சொல்வேன். கட்டடம் ஒன்று, உள்ளே வாடகைக்காரர்கள் பலர். கீழே மாடிப்படி ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்குமே, எந்த மாடியில் யார் என்று, அதுதான் நம் ஸ்கிரீனில் வரும் இன்வென்டரி. பலகையில் பெயர் இருந்து, மேலே போய்ப் பார்த்தால் கதவு திறக்கவில்லை என்றால் அந்தப் பெயர் இன்வேலிட். ஆள் காலி செய்துகொண்டு போயிருக்கலாம். சாவி உடைந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கவும் செய்யலாம். பலகைக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்றைக்குப் பலகையில் தும்பாங் மூன்று என்ற பெயர் சாம்பலாகக் கிடந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அது தெரியாது. தேவி என்ற ஒரு பெண், ஜாசின் பக்கம் ஓர் எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பெற்றவர்கள் இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறப்பதற்கு முன் பேசிய வீடியோ ஒன்றுதான் அவள் இந்த மண்ணில் பிறந்ததற்கு மிஞ்சிய சாட்சி. அது அந்த வி.எம்.முக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை. மறுநாள் காலை ஐசி என்னும் அடையாள அட்டைக்காக அவளுக்குப் பதிவிலாகாவில் நேர்காணல்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மதியம் விருந்தாளிகள் வருகிறார்கள், ஸ்கிரீன் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான்.

எல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. பாஸைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க உழைக்கிற சாமானுக்கு அன்று ஓய்வு தர வேண்டும் என்பார். ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு, சர்வருக்கும் பொட்டு. வாடிக்கையாளர்களுக்குப் பராமரிப்பு என்று அறிவிப்பு அனுப்பிவிட்டுக் காலையில் எல்லாவற்றையும் நிறுத்துவோம். தூசி தட்டுவோம், அதனால் அறிவிப்பு முழுப் பொய்யும் இல்லை. பிறகு சந்தனம், குங்குமம், மாலை, சூடம், கடலை, பொரி.

அந்த வருஷம் குருக்கள் வர நேரமாகிவிட்டது. வந்தவர் கையில் தட்டை எடுத்ததும் பாஸ் வாசலிலிருந்து, "சீக்கிரம் லா, நல்ல நேரம் முடியப் போவுது" என்றார். சர்வர் இன்னும் மூடிக்கொண்டிருந்தது. எல்லா வி.எம்.களின் ஃபைல்களும் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி அதற்குப் பிறகுதான் நிற்க வேண்டும். என்னோடு வேலை செய்த தினேஷ் என்னைப் பார்த்தான். நான் குருக்களைப் பார்த்தேன். குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். தினேஷ் பெட்டியை நிறுத்திவிட்டான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள்.

தினேஷ் எங்களோடு சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இங்கேயே ஆயர் குரோவில் பட்டம் படித்தவன், கெட்டிக்காரன், வாய் ஓயாது. என்னை அக்கா என்று முழுசாகச் சொல்ல மாட்டான், 'கா'தான்.

பூஜை முடிந்து எல்லாவற்றையும் எழுப்பியபோது பலகையில் பாதிக்கு மேல் சாம்பல். ஸ்டோரேஜ் பெட்டி கிழம், எழும்ப நேரம் எடுக்கும். அது எழும்பியதும் பெரும்பாலான பெயர்கள் உயிர் பெற்றன. சிலது வரவில்லை. லாரி கம்பெனிக்காரர் உடனே போன் செய்து கத்தினார், அவருடையதைச் சரி செய்தோம். கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள், அதையும் செய்தோம். மறுநாள் காலையில் இன்னும் சில சாம்பல் வரிகள் மீதமிருந்தன. மூடிப்போன ஒரு கடையுடையது, நாங்களே சோதனைக்குச் செய்தவை, பிறகு இந்தத் தும்பாங்குகள்.

தும்பாங் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் ஓட்டும் காடியில் சும்மா ஏறிப் போவது. பாஸ் காசு வாங்காமல் யாருக்காவது இடம் கொடுத்தால் அதற்குத் தும்பாங் என்று பெயர் வைத்து ஒரு நம்பர் போடுவார். கோயிலில், கல்யாண வீட்டில், பசாரில் யாராவது கேட்பார்கள். "நம்மகிட்ட எடம் இருக்கு, எடுத்துக்குங்க" என்பார். பில் இல்லை, ஒப்பந்தம் இல்லை, பேக்கப்பும் இல்லை. யார் என்பது அவர் தலைக்குள் மட்டும் இருக்கும்.

காலையிலேயே பாஸ் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெரிய காப்புறுதி கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மதியம் அவர்களுக்கு வாழை இலைச் சாப்பாடு, அதன் பிறகு நேராக சர்வர் ரூம். "ஸ்கிரீன்ல ஒரு சாம்பல்கூட இருக்கக் கூடாது தினேஷ். குப்பை போட்டு வச்சிருக்கானுங்கன்னு நினைப்பாங்க."

அந்தக் கம்பெனி வாடிக்கையாளராக வந்தால் எல்லோருக்கும் நல்லது. தினேஷுக்கு வேலை நிரந்தரமாகும். எனக்கும் அது தெரியும்.

"தும்பாங் ஒண்ணு, கோயில் இளைஞர் குழுவோடது, கேட்டுட்டேன், வேணாம்னுட்டாங்க" என்றான் தினேஷ். "ரெண்டு, பாஸோட தங்கச்சி மகன் பிசினஸ். அவரு பிசினஸையே மூடிட்டாரு. மூணு யாருன்னு தெரியல கா. அதுவும் அப்படித்தான் இருக்கும். எடுத்துடலாம்."

"இரு தம்பி."

"கா, பேரைத்தான் எடுக்கிறேன். வீட்ட இடிக்கல. ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும். வேணும்னா நாளைக்குத் திரும்பப் பேரப் போட்டுக்கலாம்."

அவன் சொன்னது சரி. பெயரை எடுப்பது ஒன்று, டிஸ்க்கோடு சேர்த்து அழிப்பது வேறு. மெனுவில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும், விரல் தவறாமல் இருந்தால் போதும். பெயரை மட்டும் எடுத்தால் எதுவும் சாகாது. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் எங்கள் ஆபீஸில் இன்னொரு பழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஸ்டோரேஜில் இடம் நிறைந்தால், பலகையில் பெயர் இல்லாத ஃபோல்டர்களைப் பார்த்து அழிப்போம். அன்று விருந்தாளிகள் இடம் எவ்வளவு காலி என்று கேட்பார்கள் என்பதால் அதையும் மதியத்துக்குள் செய்வதாக இருந்தது. காலையில் ஒருவர் பெயரை எடுப்பார், அதில் ஆபத்து இல்லை. மதியம் இன்னொருவர் பெயரில்லாத ஃபோல்டரை அழிப்பார், அதுவும் வழக்கமான வேலை. இரண்டு பேரும் சரியாகச் செய்திருப்பார்கள். உள்ளே இருந்தது மட்டும் போயிருக்கும். சாம்பல் நிறமாக இருந்தாலும் அந்தப் பெயர்தான் ஃபோல்டருக்குக் காவல்.

இதைத் தினேஷிடம் சொன்னேன். பிறகு அவனே ஃபோல்டரைத் திறந்து பார்த்தான்.

"கா, இங்க பாருங்க. கான்பிக் ஃபைல் காலியா இருக்கு. நேத்து நிறுத்தும்போது போயிருக்கு. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நேத்து காலையில வரைக்கும் யாரோ இதுல எழுதியிருக்காங்க. பூஜைக்கு முன்னாடி."

கான்பிக்தான் அந்தக் கதவுக்குச் சாவி, உடைந்தது அதுதான். சோதனை மெஷினில் யாரும் காலையில் எழுந்து வேலை செய்யப் போவதில்லை. உள்ளே ஆள் இருந்தது.

பாஸுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. தினேஷ், "நீங்க போய்க் கேளுங்க கா, பக்கத்துலதானே" என்றான். அவனைப் போகச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த ரூமுக்குப் பொறுப்பு நான். காடியை எடுத்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன்.

உள்ளே நீளமான மேசை. பாஸ் நடுவில், சுற்றிலும் கோட்டு போட்டவர்கள், தலைமையில் ஒரு மலாய் அம்மா. எல்லோர் முன்னாலும் இலை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. வாழை இலைக் கடையில் யாராக இருந்தாலும் கடைசியில் கை கழுவ வந்தாக வேண்டும். நேராகப் போய்க் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வருகிறவர்கள் என்னைக் கடைக்காரி என்று நினைத்து டிஷ்யூ கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

பாஸ் ரசம் ஒழுகும் கையோடு வந்தார். "என்னம்மா இங்க நிக்கிற?"

"பாஸ், தும்பாங் மூணு யாருது?"

"எது?"

"நீங்க யாருக்கோ சும்மா குடுத்த மெஷின். நேத்து பூஜைக்கு அப்புறம் எழும்பல."

சோப்பைப் போட்டுக்கொண்டே யோசித்தார். "கோயில்ல யாரோ கேட்டாங்க. செக்ரட்டரி கூட்டிட்டு வந்தாரு. பேரு ஞாபகம் இல்ல. எடுத்துடும்மா, ஒண்ணும் ஆவாது."

"நேத்து காலையில வரைக்கும் பாவிச்சிருக்காங்க பாஸ்."

"வேணும்னா போன் பண்ணியிருப்பாங்கல்ல? லாரிக்காரன் எப்படிக் கத்தினான். கிளினிக் கூப்பிட்டுச்சு. இவங்க ஒரு போன்கூட பண்ணல. அப்ப வேணாம்னுதானே அர்த்தம்." கையை உதறினார். "எடுத்துடு. நான் சொல்லிட்டேன்ல."

முதலாளியே சொல்லிவிட்டார். சட்டப்படி என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. காடிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன், ஆனால் சாவியைத் திருப்பவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என்னிடம் காடி கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் ஆயர் குரோ வழியாகப் போவார், அவரோடு தும்பாங். பல வருஷம். ஒரு பைசா வாங்க மாட்டார். ஒரு நாள் காலையில் அவர் வரவில்லை. நான் கேட் ஓரத்தில் நின்றேன். கையில் போன் இருந்தது, அவர் நம்பரும் இருந்தது. கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? காசு கொடுத்தால் எங்கே இன்னும் காணோம் என்று கேட்கலாம். சும்மா ஏறுகிறவள் எப்படிக் கேட்பாள்? அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும், வேறு வேலை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் தூங்கிவிட்டாராம். ஒரு ஹலோ சொல்லியிருந்தால் எழுந்திருப்பாராம். அன்று எனக்கு வேலைக்குப் போகத் தேவையில்லை என்று யாராவது அர்த்தம் செய்துகொண்டிருந்தால்?

தும்பாங் மூன்று ஏன் போன் செய்யவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது.

இதை நீங்கள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பாஸ் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு யாரென்று தெரியாது. தெரியாதவர் எடுத்துவிடு என்று சொன்னால் அது அனுமதி இல்லை. நம்மைப் போல அவருக்கும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். கத்துகிறவர்கள் மட்டும்தான் வாடிக்கையாளர் என்று நினைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வரும். உங்களுக்கும் வரும். அப்போது கேட் ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

காடியில் உட்கார்ந்தபடியே கோயில் செக்ரட்டரிக்குப் போன் செய்தேன். முன்பின் பேசியதில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

"அதுவா? சரோஜா டீச்சர் மா. சுங்கை ரம்பாய்ல இருக்காங்க. எஸ்டேட்ல பொறந்து ஐசி இல்லாம இருக்காங்கல்ல, அவங்களுக்குப் பேப்பர் எல்லாம் தேடிக் குடுக்குறவங்க. நம்பர் அனுப்பறேன்."

டீச்சர் முதல் மணியிலேயே எடுத்தார். நான் ஆயர் குரோவிலிருந்து என்று சொன்னதுமே, "ஐயோ, நீங்களே கூப்பிட்டுட்டீங்களா" என்றார்.

"டீச்சர், உங்க மெஷின் வேலை செய்யுதா?"

"நேத்துலேர்ந்து தொறக்க மாட்டேங்குது. நீங்க சாமி கும்பிடுற நாளு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தோம்."

"இன்னிக்குக் கூப்பிட்டிருக்கலாமே."

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கினார். "சும்மா குடுத்திருக்கீங்க. நாங்க எப்படிக் கேக்குறது?"

"நாங்கதான் டீச்சர் கேட்டிருக்கணும்" என்றேன்.

அதன் பிறகுதான் தேவியைப் பற்றிச் சொன்னார். மருத்துவச்சியைப் பற்றியும் மறுநாள் நேர்காணலைப் பற்றியும் சொன்னார். கையில் இருக்கிற மற்ற தாள்களோடு அந்த வீடியோவையும் கொண்டு வந்து காட்டுங்கள், பார்க்கிறேன் என்று அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தாராம். அது கிடைப்பதற்கே பல மாதம் அலைந்தார்களாம்.

"வேற காப்பி இருக்கா டீச்சர்?"

"என் போன்ல இருந்துச்சு, போன் கெட்டுப் போச்சு. உங்ககிட்ட பத்திரமா இருக்குதேன்னு தைரியமா இருந்தோம்."

அதற்குப் பேக்கப்பே இல்லை என்று அவருக்குத் தெரியாது. கடைக்குள் விருந்தாளிகள் இன்னும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆபீஸுக்கு வந்தேன்.

மற்ற சாம்பல் வரிகளை அதற்குள் எடுத்து முடித்திருந்த தினேஷ், நான் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "புது கான்பிக் செஞ்சு இந்த டிஸ்க்க மாட்டி எழுப்பிடலாம் கா, உடனே" என்று மவுஸைப் பிடித்தவன், அவனாகவே கையை எடுத்தான். "இல்ல. ரெண்டு டிஸ்க் இருக்கு. பழசு ஒண்ணு, அது மேல போட்டது ஒண்ணு. அவசரத்துல பழசை மாட்டி எழுப்பினா மேல உள்ளது கெட்டுடும். மொதல்ல முழு ஃபோல்டரையும் காப்பி எடுப்போம். அப்புறம் காப்பியில வேலை செய்வோம்." அன்று அவன் சொன்ன அந்த வார்த்தையைத்தான் இன்றுவரை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் கண்டுபிடித்தது இல்லை.

"காப்பி முடிய எவ்வளவு நேரமாகும்?"

"அவங்க வந்துடுவாங்க கா. பேரை இப்போதைக்கு எடுத்துட்டா ஸ்கிரீன் கிளீன். காப்பி பாட்டுக்கு ஓடட்டும்."

எடுத்திருக்கலாம். உரியவர் யார் என்று தெரிந்துவிட்டது, ஃபோல்டரை அழிக்க இனி யாரும் போகப் போவதில்லை. ஆனாலும் பதற்றத்தில் இருக்கும்போது, பாதி வேலையில், எதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காப்பி முடிந்து, எழுப்பிப் பார்த்து, உள்ளே இருப்பது இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பழைய பெயர் போக வேண்டும் என்றேன்.

"பாஸ் கொன்னுடுவாரு."

"என்னைத்தான் கொல்லுவாரு. நீ உக்காரு."

அவர்கள் வந்தார்கள். பாஸ் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார், ஸ்கிரீனைப் பார்த்தார், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மலாய் அம்மா சுற்றிலும் பார்த்தார், குளிர் எப்படி, கரண்ட் போனால் என்ன என்று கேட்டார். தினேஷ் அழகாகப் பதில் சொன்னான். பிறகு அவர் விரலை நீட்டி, அந்த ஒரே சாம்பல் வரி என்ன என்று கேட்டார்.

பாஸ் என்னைப் பார்த்தார். தினேஷ் தரையைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த மலாயில், மெதுவாகச் சொன்னேன். இது நேற்று எங்கள் கையால் கெட்டது. இதற்குச் சொந்தக்காரர் சுங்கை ரம்பாயில் இருக்கிறார். நாளைக் காலையில் அவருக்கு இது வேண்டும். காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, முடியும்வரை தொட மாட்டோம்.

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார்.

அந்தக் கம்பெனி எங்களிடம் வரவில்லை. அந்தச் சாம்பல் வரிதான் காரணமா, விலையா, ஸ்டோரேஜ் பெட்டியின் வயசா, யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாகச் செய்தால் கடைசியில் கைதட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

சாயங்காலம் காப்பி முடிந்தது. தினேஷ் புது கான்பிக் செய்து, மேல் டிஸ்க்கை மாட்டி எழுப்பினான். மெஷின் எழுந்தது. டீச்சருக்குப் போன் செய்தோம். அவர் அதற்கு முன்பே சுங்கை ரம்பாயிலிருந்து கிளம்பி பாதி வழி வந்திருந்தார். பெண்டிரைவ் ஒன்றில் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார்.

அவரோடு தேவியும் வந்திருந்தாள். டீச்சர் உள்ளே வந்தார், தேவி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். நாற்பதை நெருங்கிய பெண், ஃபேக்டரி யூனிபாரம், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வாம்மா என்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"முழுசா இருக்கான்னு ஓட்டிப் பாத்துடுவோம் கா" என்றான் தினேஷ்.

தேவி என்னிடம் மெல்லக் கேட்டாள். "நானும் பாக்கலாமா கா? இது எடுத்த அன்னிக்கு எனக்கு லீவு கெடைக்கல. இதுவரைக்கும் பாத்ததில்ல."

நால்வரும் நின்று பார்த்தோம். ஸ்கிரீனில் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு வயதான அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"கொட்டுற மழை. ரோடெல்லாம் தண்ணி. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸர கூப்பிட ஆள் அனுப்புனாங்க, அவரு டவுனுக்குப் போயிட்டாரு. லயத்துல கரண்ட் இல்ல. நான்தான் பாத்தேன். காலுதான் மொதல்ல வந்துச்சு. பொறந்து அழவே இல்ல இந்தப் புள்ள. தட்டுறேன், அழல. திருப்பிப் போட்டுத் தட்டுறேன், அப்பவும் அழல. செத்துப் போச்சுன்னு அவ அம்மா அழறா. பாத்தா இது கண்ணத் தொறந்து என்னையே பாக்குது. சத்தம் போடல, அவ்வளவுதான். உசுரோடதான் இருந்துச்சு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவி ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பவே நான் வாயத் தொறக்கல போலருக்கு" என்றாள்.

தினேஷ் சிரித்துவிட்டான். பிறகு தேவியும் சிரித்தாள். நான் திரும்பிக்கொண்டு டீ போடுவதுபோல் நின்றேன்.

அவர்கள் போன பிறகு பழைய பெயரை எடுத்தோம். தினேஷ் நம்பரை உரக்கப் படித்தான், நான் ஸ்கிரீனைப் பார்த்துத் திரும்பச் சொன்னேன், பிறகுதான் என்டர். சாம்பல் வரி போனது. ஒரு நொடிகூட ஆகவில்லை. உரியவரைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நாள் முழுவதும் ஆனது.

பாஸ் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கடையில் டாப்பாவ் கட்டி வாங்கிவந்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "இனிமே தும்பாங் எல்லாத்துக்கும் பேரும் போன் நம்பரும் எழுதி வை. எனக்கு ஞாபகம் இருக்காது" என்றார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. டீச்சரின் மெஷினுக்கு அன்றிலிருந்து பேக்கப் ஓடுகிறது. நல்ல நேரம் முடிந்தாலும் சர்வர் தூங்கிய பிறகுதான் ஸ்டோரேஜை நிறுத்துகிறோம். குருக்களுக்கும் இப்போது வரிசை தெரியும்.

தேவியின் விண்ணப்பம் போயிருக்கிறது. வீடியோவை அதிகாரி முழுவதும் பார்த்தார் என்று டீச்சர் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை. அவள் காத்திருக்கிறாள். போய்க் கேள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். கேட்கிறேன் கா என்கிறாள். டீச்சர்தான் போய்க் கேட்கிறார்.

உங்களில் யாராவது என்னைப் போல் போனை எடுக்கவே கூச்சப்படுகிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். இந்த வேலைக்கு அது குறை இல்லை. போன் செய்யாதவர்கள் எங்கே நிற்பார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் தெரிந்த பிறகு போனை நாம்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்குக் குறுக்கு வழி இல்லை.

கடைசியாக ஒரு வேலை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சிஸ்டத்தில் என் லாகின் சும்மா கிடக்கும். யாருடையது, எடுக்கலாமா என்று நீங்கள் யோசிப்பீர்கள், யோசிக்கவும் வேண்டும். அது என்னுடையது. உள்ளே இருந்ததை எல்லாம் தினேஷிடம் ஒப்படைத்துவிட்டேன், அவன் சரிபார்த்துவிட்டான். எனக்கு இனி வேண்டாம். உரியவளே சொல்கிறேன், எடுத்துவிடுங்கள்.